அந்தப் பாவு என்ன ஆச்சு?

சித்திரை 22

சென்னையில் ஒரு ஆலோசகரைப் பார்த்துவிட்டு ரயிலில் காஞ்சிபுரம் திரும்பினேன். “வெளிநாடு போய் இங்கிலீஷ் லிட்ரேச்சரா? டேட்டா சயின்ஸ் எடும்மா, லோனாவது அடையும்” என்றார். கடனைப் பற்றி அவர் சொன்னதில் தப்பில்லை. இங்கிலாந்தில் எம்.ஏ. ஒரே வருடம்தான், ஆனால் செலவு எங்கள் வீட்டுக் கணக்குக்கு எட்டாதது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் அதற்கான பணம் 28 நாள் கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். எங்கள் வீட்டில் கூலிப் பணம் 28 மணி நேரம்கூடத் தங்கியதில்லை.

பிள்ளையார்பாளையத்துக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. தெருவில் மூன்று வீட்டில்தான் தறிச் சத்தம். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் இந்தத் தெருவில் கத்திப் பேசினால்தான் காதில் விழும்.

அப்பா தறிக்குழியில் கால் வைத்தபடியே, “என்ன சொன்னாரு?” என்றார். சொன்னேன். “உனக்கு எது புடிக்குதோ அதப் படி” என்றார். நாடா மறுபடி ஓடத் தொடங்கியது.

சித்திரை 27

விண்ணப்பத்துக்கான நோக்க அறிக்கை (எஸ்.ஓ.பி.) எழுத உட்கார்ந்தேன். ஏன் லீட்ஸ் பல்கலைக்கழகம் என்பதற்குக் காரணம் எழுதுவது சுலபமாக இருந்தது. வோலே சொயிங்கா அங்கே ஆங்கிலம் படித்து 1957இல் பட்டம் வாங்கினார். கென்யாவிலிருந்து 1964இல் போன கூகி வா தியாங்கோ, ‘எ கிரெய்ன் ஆஃப் வீட்’ நாவலை அங்கே இருந்தபோதுதான் எழுதினார். ஆராய்ச்சிப் பட்டத்தை முடிக்கவில்லை, நாவலை முடித்தார். நம்மவர் ஆர். பார்த்தசாரதியும் அங்கே படித்தவர்தான். திருப்பராய்த்துறையில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, 1963இல் பிரிட்டிஷ் கவுன்சில் உதவித்தொகையில் லீட்ஸ் போனவர். தான் நேசித்த இங்கிலாந்து புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று அங்கே கண்டுகொண்டார். அந்த வலியிலிருந்து பிறகு ‘ரஃப் பேசேஜ்’ வந்தது. 1993இல் அவருடைய சிலப்பதிகார மொழிபெயர்ப்பு வந்தது.

ஏ. கே. ராமானுஜன் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவர், 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் தேடப் போனார். உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பு கையில் தட்டுப்பட, அலமாரிகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து படித்தார்.

கல்லூரியில் ஆசிரியர்கள் இந்த இரண்டு கதைகளையும் சொல்லித்தான் என்னைத் தேற்றுகிறார்கள். “நீயும் சுத்திட்டுத் தமிழுக்கே வந்துடுவே பாரு.” எனக்கு இந்தத் தேறுதல் வேண்டாம். ஆங்கில நாவல் எனக்குத் தமிழுக்கு வரும் சுற்றுவழி இல்லை. அந்த நாவலே எனக்கு வேண்டும். இதை எஸ்.ஓ.பி.யில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் நோட்டை மூடிவிட்டேன்.

வைகாசி, கருட சேவை

விடியும் முன்பே ஆயாவைக் கூட்டிக்கொண்டு வரதராஜர் கோயிலுக்குப் போனோம். கோபுர வாசலில் பெருமாளைக் குடையால் மறைத்து எடுக்கும் அந்த நொடியில் கூட்டம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வருடா வருடம் இங்கே வந்துகொண்டிருந்த தொட்டையாச்சாரியார் ஒரு வருடம் உடம்பு முடியாமல் சோளிங்கரிலேயே தங்கிவிட, அங்கேயே போய்ப் பெருமாள் அவருக்குக் காட்சி கொடுத்தார் என்பது ஐதீகம். குடைக்குள் மறையும் நேரம் அதற்குத்தான்.

“சோளிங்கருக்கே போனவரு, நீ போற ஊருக்கு வரமாட்டாரா?” என்றாள் ஆயா. நான் போவதை அவள் வாயால் ஒத்துக்கொண்டது இன்றுதான்.

திரும்பும் வழியில் மயூரசர்மன் நினைவு வந்தது. தாளகுந்தாவிலிருந்து காஞ்சிக் கடிகை என்ற கல்விச்சாலைக்குப் படிக்க வந்தவன். இங்கே பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறாகி, படிப்பை விட்டுப் போய்க் கதம்ப அரசை நிறுவினான் என்று தாளகுந்தாக் கல்வெட்டு சொல்கிறது. தூர தேசத்துப் பிள்ளைகள் தேடி வந்த ஊர் இது. அவர்களுடைய ஆயாக்களும் அழுதிருப்பார்கள்.

ஆனி 9

இன்று தறி ஓடவில்லை. பழைய பாவின் (நீளவாக்கு இழைகளின்) நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிப் பிணைக்கும் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள். சத்தம் இல்லாத வேலை என்பதால் பேச முடிந்தது. அப்பாவுக்கு ‘சைலஸ் மார்னர்’ சொன்னேன்.

ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் எழுதிய அம்மாவின் நாவல், 1861இல் வந்தது. சைலஸ் ஒரு கைத்தறி நெசவாளி. செய்யாத திருட்டுக்குப் பழி சுமந்து ஊரை விட்டுப் போகிறான். வேறொரு கிராமத்தில் தனியாக உட்கார்ந்து லினன் நெய்து, கூலியாகக் கிடைத்த பொற்காசுகளை இரவில் எண்ணிப் பார்ப்பதே வாழ்க்கையாக இருக்கிறான். “கிட்டப் பார்வைதானே அவனுக்கு?” என்று அப்பா கேட்டார். ஆமாம், நாவலில் அப்படித்தான் இருக்கிறது. நான் அதைச் சொல்லவே இல்லை.

காசு களவு போகிறது. பிறகு பனியில் ஒரு குழந்தை தத்தித் தத்தி நடந்து அவன் வீட்டுக்குள் வருகிறது. எபி. வேலை நேரத்தில் அவளை ஒரு நீளத் துணிப்பட்டையால் தறியோடு கட்டி வைக்கிறான். ஒருநாள் அவன் புது வேலை பூட்டுவதில் மும்முரமாக இருக்கும்போது, அவள் அவனுடைய கத்திரிக்கோலை எடுத்து அந்தப் பட்டையை வெட்டிவிட்டு வெளியே ஓடிவிடுகிறாள்.

திண்ணையிலிருந்து ஆயா குரல் கொடுத்தாள்: “உன்னயும் தறிக்கால்லதான்டி கட்டி வெச்சோம். எங்க, நீ கத்திரிய எடுக்கல.” அப்பா தலை நிமிரவில்லை. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கரையையும் உடலையும் பிணைக்கும் கோர்வைக்குக் கரை நாடா தள்ள அவருடைய அப்பாவுக்கு இன்னொரு கை வேண்டியிருந்தது.

கடைசிப் பகுதியையும் சொன்னேன். பல வருடம் கழித்து சைலஸ் தன் பழைய ஊருக்குப் போகிறான். அவன் வாழ்ந்த லாண்டர்ன் யார்டு அங்கே இல்லை. அந்த இடத்தில் ஒரு ஆலை நிற்கிறது. அப்பாவின் விரல்கள் நின்றன. பட்டுப்புடவையைக் கைத்தறிக்கு ஒதுக்கி 1985இல் வந்த சட்டம் இன்னும் இருக்கிறது. விசைத்தறியில் ஓடிய புடவை காஞ்சிப் பட்டு என்று விலை போவதும் அவருக்குத் தெரியும்.

நான் போக நினைக்கும் ஊரே துணியால் வளர்ந்த ஊர். பக்கத்திலேயே பிராட்ஃபோர்டு. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய பட்டு ஆலை என்று பேர் வாங்கிய மானிங்காம் ஆலை அங்கேதான் இருந்தது. கூலிக் குறைப்பை எதிர்த்து 1890–91 குளிர்காலம் முழுக்க அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளிகளை எலிசபெத் கேஸ்கல் 1848லேயே ‘மேரி பார்ட்டன்’ நாவலுக்குள் கொண்டுவந்திருக்கிறார். இவற்றையெல்லாம் தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவள் ஒருத்தி படித்தால் என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். எனக்கு இருக்கும் ஆசை இதுதான்.

ஆனி 10

காலையில் அப்பா டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பொண்ணு கத்திரிய எடுத்தப்போ, அவன் புது வேலை பூட்டிட்டிருந்தான்னு சொன்னியே. பாதில எழுந்து ஓடினானே, அந்தப் பாவு என்ன ஆச்சு?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

“அப்படியே விட்டுட்டுப் போனா தொய்ஞ்சிடும்மா. சிக்கு விழும். திரும்பி வந்து பிரிக்கவே ஒரு நாள் போயிடும். அதப் பத்தி அந்தம்மா எழுதலயா?”

மூன்று வருடம் வகுப்பில் இந்த நாவலைப் பற்றிப் பேசியிருக்கிறோம். மதம், தனிமை, தந்தைமை எல்லாம் பேசினோம். இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எஸ்.ஓ.பி.யின் முதல் பத்தியை, சிறு வயது முதலே ஆங்கிலத்தில் ஆர்வம் என்று தொடங்கியதை, அடித்துவிட்டேன். அப்பாவின் கேள்வியை முதல் வரியாக எழுதியிருக்கிறேன்.

பதினான்காம் அத்தியாயம் மடிமேல் விரிந்திருக்கிறது. எபி ஒரு குட்டையருகே கிடைத்துவிட்டாள், அவளைத் தூக்கிக்கொண்டு சைலஸ் வீட்டுக்குள் வருகிறான். தறி இருக்கும் பக்கம் அவன் இன்னும் திரும்பவில்லை. அத்தியாயம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது.