மூச்சுவிட ஓர் இடம்

ஆகஸ்டு மாதப் பிற்பாதியில், காவியுடை தரித்து வேளாங்கண்ணி அன்னையை நாடி நடந்து செல்லும் திருப்பயணிகளை நம் கிழக்குக் கடற்கரையிலே காணாதார் இல்லை. நடப்பவர்களை எல்லாரும் பார்க்கிறோம். அரிசி மூட்டை, அண்டா, தண்ணீர்க் குடம், சமையல் அடுப்பு இவற்றைச் சுமந்துகொண்டு அவர்களோடு ஊர்ந்து செல்லும் சிறு பிக்கப் வண்டியை எவரும் கூர்ந்து நோக்குவதில்லை. கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவிலிருந்து புறப்படும் இத்தகைய வண்டிகளுள் சில, அவற்றை ஓட்டும் இளைஞரைவிட மூத்தவை. முன்புறத்தில் மாதா படம் உண்டு, மாலை உண்டு, குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்ததும் உண்டு. ஆனால் பெட்ரோல் டாங்கி எங்கே இருக்கிறது, அது எவ்வழியாக மூச்சுவிடுகிறது என்று கேட்டால், ஓட்டுகிறவருக்கே பெரும்பாலும் தெரியாது.

டாங்கி மூச்சுவிடுமா என்று நகைக்க வேண்டாம். நானும் இதே கேள்வியை ஒரு முதிய மெக்கானிக்கிடம் கேட்டேன். "தம்பி, பால்புட்டியைக் குழந்தை விடாமல் உறிஞ்சினால் என்ன ஆகும்? ரப்பர் சப்பையாகிவிடும், பால் வராது. வாயை எடுத்தால் காற்று உள்ளே போகும். பிறகு பால் வரும். டாங்கியும் அப்படித்தான்" என்றார் அவர்.

எஞ்சின் பெட்ரோலை இழுக்க இழுக்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே செல்ல வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் அதற்கென மூடியிலேயே ஒரு சிறு துளை உண்டு. செம்மண் புழுதியும் கடற்காற்றின் துருவும் அதை அடைத்துவிடும். சில வேளை குளவியும் மண்கூடு கட்டிவிடும். மூடி தொலைந்துபோனால் துளையில்லாத வேறொன்றைத் திருகிவிடுவாரும் உளர். அப்போது வண்டி சில கிலோமீட்டர் ஓடி, தளர்ந்து, நின்றுபோகும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே பாயும். வண்டி மீண்டும் கிளம்பும். இதை அறியாமல் கார்புரேட்டரைக் கழற்றிப் பணத்தைச் செலவழித்தவர்கள் எத்தனையோ பேர்!

உள்ளே போகும் காற்றைப் போலவே வெளியேறும் ஆவிக்கும் வழி வேண்டும். நம் புதுச்சேரியில் பெட்ரோல் விலை தமிழகத்தைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே நெடும்பயணம் புறப்படுவோர் கழுத்துவரை நிரப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் வெப்பத்தில் பெட்ரோல் விரிவடையும். 40 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ முக்கால் லிட்டர் பெருகும். அதற்கு இடம் விடாவிட்டால் அது மூடி வழியாகவோ காற்றுக்குழாய் வழியாகவோ கசிந்துதானே ஆக வேண்டும்? பங்கில் குழாய் தானே நின்றதும் நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

டாங்கி இருக்கும் இடமும் முக்கியமானது. போர்க்கால வில்லீஸ் ஜீப்பில் அது ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலே இருந்தது. இருக்கையைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். நம் நாட்டில் மகேந்திரா நிறுவனம் உருவாக்கிய பழைய ஜீப்புகளும் அந்த வழி வந்தவையே. அமெரிக்கப் பிக்கப் வண்டிகள் பலவற்றில் 1970-களின் தொடக்கம்வரை டாங்கி இருக்கைக்குப் பின்னால், ஆட்கள் அமரும் அறைக்குள்ளேயே இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1987 வரை செய்த பெரிய பிக்கப் வண்டிகளில் அதை வெளியே கொண்டுபோயிற்று. ஆனால் அடிச்சட்டத்துக்கு வெளிப்புறமாக, பக்கவாட்டில் வைத்தது. பக்கத்தில் மோதினால் தீப்பிடிக்கும் அபாயம் பற்றிப் பெரும் வழக்காயிற்று. 1994-இல் அரசு அதைக் குறைபாடென்று முதற்கட்டமாக அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில், பாதுகாப்புப் பணிகளுக்கென 5 கோடி டாலருக்கு மேல் நிறுவனம் தருவதாக உடன்பாடு ஏற்பட்டது. அடிச்சட்டத்தின் இரு இரும்புகளுக்கு இடையே, பின் அச்சுக்கு முன்னால் டாங்கியை வைப்பதே மேல் என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து.

எங்கள் தெருவில் ஓர் ஆண்டு நிகழ்ந்ததைச் சொல்கிறேன். பயணக் குழுவின் சுமைகளோடு பழைய ஜீப் வண்டி ஒன்று புறப்பட ஆயத்தமாயிருந்தது. ஓட்டுநரின் மனைவி, "உள்ளே ஒரே பெட்ரோல் வாடை, பிள்ளைக்குத் தலைவலிக்கிறது" என்றார். "பழைய வண்டியென்றால் அப்படித்தான் இருக்கும்" என்றனர் சுற்றி நின்றோர். அந்த முதிய மெக்கானிக் மட்டும் இருக்கையைத் தூக்கச் சொன்னார். டாங்கியின் காற்றுக்குழாயை இணைக்கும் ரப்பர், வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையிலே தங்கும். அதே வண்டியிலே சமையல் அடுப்பு. பக்கத்திலே உறங்கும் சிறுவன். "வாடை வந்தால் வண்டி பழசு என்று அர்த்தமில்லை தம்பி, எங்கேயோ வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம்" என்றார் பெரியவர். புதிய ரப்பர் குழாயை மாட்டிய பிறகே வண்டியை அனுப்பினார். குழாயின் விலையோ அற்பம்.

மற்றொன்றும் அவர் சொல்லக் கேட்டேன். காலி டாங்கிதானே என்று எண்ணி அதன்மேல் வெல்டிங் வைப்பது பேராபத்து. திரவம் தீர்ந்தாலும் ஆவி தீர்வதில்லை. நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கியே வெடிக்கத் துணிந்தது.

விவேகத்தைத் தலையாய நற்பண்புகளுள் ஒன்றாகத் திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. ஆண்டவர் சொன்ன உவமையில் விவேகமுள்ள கன்னியர் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். நம் காலத்து விவேகிகள், எண்ணெய் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளை, பிறர் உயிரை அசட்டையால் ஆபத்துக்குள்ளாக்காதே என்பதையும் உட்கொண்டதே அன்றோ? ஆதலால் அன்பர்களே, பழைய வண்டியை மந்திரிக்கக் கோவிலுக்குக் கொண்டுபோகுமுன் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். மூடித் துளையும் ரப்பர் குழாயும் செவ்வையாய் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுப்பை வண்டியிலிருந்து தள்ளி வைத்தே ஏற்றுங்கள். வாடை வருகிறது என்று வீட்டார் சொன்னால், தயவுசெய்து காது கொடுங்கள்.