உவர்மலை இறக்கம்

ஓர்ஸ் ஹில் என்கிற உவர்மலை ஒன்றும் பெரிய மலையில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மேடு. கால் நொந்தவனுக்கு மட்டும் அது மலைதான்.

வெயில் தாழ்ந்ததும் ஒரு பெடியன் கேற்றைத் திறந்துகொண்டு வருவான். இருபது வயதிருக்கும். வலது கால் மொளியைச் சுற்றி, துவைத்துத் துவைத்து நிறம் செத்த கிறேப் பண்டேஜ். பந்தடியில் பாதம் உள்பக்கமாகப் பிரண்டதாம். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆகவே வீதி முழுக்க 'ஒண்டுமில்லை' என்றே முடிவாகிவிட்டது. எக்ஸ்ரேயில் சவ்வு தெரியாது. அதை யார் கேட்கிறார்கள்?

ஏறும்போது நன்றாகத்தான் ஏறுகிறான். இறங்கும்போது பார்க்க வேண்டும். மதில் கைக்கெட்டும் தூரத்துக்கு ஒதுங்கிவிடுவான். பாதம் கீழ்நோக்கிச் சாயும்போதுதான் மொளியில் எலும்பின் பிடி தளரும். பாரமெல்லாம் வெளிப்பக்கச் சவ்வுக்குப் போகும். அவனுடையதோ ஏற்கெனவே கிழிந்த சவ்வு.

பாதி வழியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக்காலில் நிற்பான். விரல் ஐந்தும் தாரைக் கவ்வும். மொளி எலும்புக்குப் பின்னால் ஒரு நார் வெட்டி வெட்டி இழுக்கும். பிறகு கண்ணை மூடுவான். உடனே உடம்பு ஆடும், கை மதிலைத் தேடும். பிஸியோ கொடுத்த பயிற்சியாக இருக்கும். சவ்வு கிழிந்தால் பலம் மட்டும் போவதில்லை; பாதம் எந்தச் சரிவில் நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் கெட்டுப்போகின்றன. வீக்கம் வற்றிய பிறகும் சிலருக்குக் கால் பிரண்டுகொண்டே இருப்பது இதனாலும்தான்.

மீன் பையோடு வந்த ஐயா ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "தம்பி, முறிவு நெறிவு வைத்தியரிட்டக் காட்டினனியே? எண்ணெய் போட்டு உருவ வேணும்." அவருக்கு "ஓம் ஐயா". பிறகு ஓட்டோக்காரர்: "மாலிங்க ஒபரேஷன் செய்துபோட்டு வந்து வேர்ல்ட் கப் விளையாடேல்லையே!" அவருக்கும் "ஓம் அண்ணை". ஓட்டோக்காரர் சொன்னது உண்மை. வேகப்பந்து வீச்சாளர் லசித் மாலிங்கவுக்கு 2014 செப்டெம்பரில் கணுக்காலில் சத்திரசிகிச்சை. 2015 பெப்ரவரியில் உலகக் கிண்ணம். ஆனால் கிறைஸ்ட்சேர்ச்சில் நியூஸிலாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 10 ஓவருக்கு 84 ஓட்டம், விக்கெட் ஒன்றுமில்லை. அதைச் சொல்லாமலே ஓட்டோ கிளம்பிவிட்டது.

மேலே சின்னப் பெடியள் உதைத்த பந்து இறக்கத்தில் துள்ளி உருண்டு வந்தது. இடக்காலால் தடுத்தான். வலக்காலைப் பின்னுக்கு எடுத்தான். எடுத்த காலை அப்படியே கீழே வைத்துவிட்டு, குனிந்து பந்தைக் கையால் தூக்கி மேலே எறிந்தான்.

"ஹாண்ட் போல்! அண்ணா ஹாண்ட் போல்! பெனால்டி!"

இல்லாத நடுவரைப் பார்த்து அவன் இரண்டு கையையும் விரித்தான்.