தங்கம் விளைந்த வயல்

இங்கே குவைத்தில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் கே.ஜி.எஃப். என்பேன். 2018-ல் அந்தப் படம் வந்ததிலிருந்து கூடவே ஒரு சிரிப்பும் கிடைக்கிறது. வீட்டில் மட்டும் தமிழ்ப் பெயர்தான்: கோலார் தங்கவயல். போன வாரம் மகள் பிடித்துக்கொண்டாள். "வயல்னா நெல் விளையுற இடம்தானே, தங்கம் எப்படிப்பா விளையும்?"

நான் பி.காம். படித்து பேங்கில் கணக்குப் பார்க்கிறவன். இலக்கணமெல்லாம் பள்ளியோடு சரி. ஆனாலும் கேள்வி விடவில்லை.

தங்கம் + வயல். நடுவில் 'ம்' கெட்டு தங்கவயல். 'தங்கத்தை உடைய வயல்' என்று விரிக்கலாம். ஆங்கில 'கோல்ட் ஃபீல்ட்ஸ்' என்பதற்கு நேர் தமிழ். ஆங்கிலத்தில் ஃபீல்ட் என்றால் பயிர் நிலம் மட்டுமில்லை, கனிமம் கிடக்கும் நிலப்பரப்பும்தான். நம் வயலுக்கோ உழவும் அறுப்பும்தான் ஞாபகம் வரும். குவைத்தின் புர்கானைக்கூட நாம் எண்ணெய் வயல் என்றுதான் எழுதுகிறோம். கன்னடக்காரர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. 'சின்னத கணி' என்பார்கள். தங்கச் சுரங்கம், அவ்வளவுதான்.

கன்னடம்தான் துல்லியம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு வயல் என்ற சொல் வேறு மாதிரி. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு சுரங்கத்துக்கு வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். பலருக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. என் கொள்ளுத்தாத்தாவும் அப்படித்தான், அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அவருக்குக் கிடைத்த வயல் பூமிக்கு அடியில் இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பிற்பாடு 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அப்பாவும் அங்கேதான் ஷிப்ட் பார்த்தார்.

இந்த வயலில் விதைப்பு கிடையாது, அறுவடை மட்டும்தான். விதைக்காமல் எத்தனை நாள் அறுப்பது? ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்ததாம். கடைசியில் 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். நான் அப்போது பி.காம். கடைசி வருடம்.

சாதாரண வயல் தரிசாகப் போனால் அடுத்த மழைக்கு உழலாம். எங்கள் வயலில் தண்ணீர் நிரம்பிவிட்டது. ஊர்க்காரர்கள் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

'தங்கச் சுரங்கம்' என்று சொல்வதுதான் சரி என்று யாராவது திருத்தினால் மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் வயல் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். நான் தங்கவயல் என்றே சொல்லிக்கொள்கிறேன்.