பழைய நடைவண்டியும் புதிய பூச்சும்



காலை மக்தப் எட்டு மணிக்கு முடிந்துவிடும். மாலை வகுப்பு அஸருக்குப் பிறகுதான். இடைப்பட்ட பொழுதில் கொல்லைப்புறத்தில் ஒரு சாக்கை விரித்து, உப்புத்தாளும் தூரிகையுமாக அமர்ந்துவிடுவது சில ஆண்டுகளாக என் வழக்கம். இதைத் தொடங்கி வைத்தவை மதரஸாவின் ரைஹால்கள். சாயம் போய், விளிம்பு சிதைந்து மூலையில் குவிந்து கிடந்தவற்றுக்கு மாற்றாகப் புதியன வாங்க ஜமாஅத்தில் பணம் கேட்கத் தயங்கினேன். நானே பட்டி பார்த்து வார்னிஷ் அடித்தேன். பிள்ளைகள் அவற்றைப் புதியவை என்றே எண்ணினர். அம்மகிழ்ச்சி என்னைப் பிடித்துக்கொண்டது.

பின்னர் நெல்லைப் பக்கத்துக் காயலான் கடைகளில் என் மிதிவண்டி அடிக்கடி நிற்கலாயிற்று. (அப்பெயர் நம் காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்பார்கள், எனவே அங்கே நிற்பதில் எனக்கு வெட்கமில்லை.) மடக்கு நாற்காலி, மரமுக்காலி, துருப்பிடித்த டிரங்குப் பெட்டி என ஒவ்வொன்றாய் வீட்டுக்கு வந்தன. நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததைப் பாடம் நடத்துகிறவன், உடைந்ததைத் தூக்கி எறிய மனம் வருமா? செப்பனிட்டவற்றுள் சிலவற்றை விற்றேன். உஸ்தாதின் சம்பளம் எவ்வளவு என்பது வாசகர்கள் அறியாததன்று.

இந்த வேலையில் பொறுமைக்கு உரிய இடம் பூச்சு அன்று, பூச்சுக்கு முந்தியது. இரும்பாயின் துருவை முற்றிலும் சுரண்டி, செந்நிறப் பிரைமர் பூசி, ஒரு நாள் காயவிட வேண்டும். மரமாயின் பழைய பூச்சை நீக்கி, ஓட்டைகளைப் பட்டியால் அடைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, அதன் மேல்தான் எனாமல். இப்படிகளுள் ஒன்றைத் தாண்டினாலும் முதல் வாரத்தில் யாருக்கும் தெரியாது. சோதனையே அதில்தான் இருக்கிறது.

என் பழைய மாணவர் ஒருவர், மகனுக்கு ஒன்பது மாதம் ஆகிறது, நடைவண்டி கிடைக்குமா என்று கேட்டார். கடையில் ஒன்று கிடைத்தது. மூன்று சக்கரமும் உறுதி. ஆனால் மஞ்சள், சிவப்பு, மறுபடியும் மஞ்சள் எனப் பல அடுக்குப் பூச்சு. வெள்ளிக்கிழமைக்குள் தருவதாகச் சொல்லிவிட்டேன். எனவே சுரண்டவில்லை. மேலோட்டமாகத் தேய்த்து, இரண்டு கை பச்சை அடித்தேன். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. 700 ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் சென்றிருக்கும். பழைய சன்னல் கதவு ஒன்றை நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது, முப்பது ஆண்டுகளாகப் பெயிண்டர் வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவர் வேலிக்கு அப்பால் நின்றார்.

"ஹஜ்ரத், பழைய மஞ்சளை இப்படி வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்காதீங்க. ஈயம் இருக்கும். தூசி பிள்ளைகள் மேலே போகும். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்கணும், மூக்கையும் கட்டணும்."

அன்றிரவு தேடிப் படித்தேன். பளிச்சென்ற மஞ்சளுக்கும் சிவப்புக்கும் முன்பு ஈயக் கலவைகளே பெரிதும் பயன்பட்டன. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில்தான் விதி வந்தது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை அறியப்படவில்லை. பல் முளைக்கும் குழந்தை நடைவண்டியின் கைப்பிடியை என்ன செய்யும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மாலை வகுப்பில், தற்செயலாக, தானியக் குவியலின் ஹதீஸ். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையால் நனைந்தது என்றார் வணிகர். அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் வினவினார்கள். பத்து வயது மாணவி ஒருத்தி கை உயர்த்தினாள்.

"ஹஜ்ரத், மழை பெய்தது அவர் குற்றமா? அவர் வேண்டுமென்று நனைக்கவில்லையே?"

முந்தைய இரவு முழுதும் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம் அதுதான். ஈயத்தை நானா பூசினேன்? "நனைத்தது அவர் அல்லர், காய்ந்ததை மேலே வைத்தவர் அவர்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினேன். குரல் சரியாக வரவில்லை.

இஷாவுக்குப் பின் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். ஊரில் என் பெயர் என்னாகும் என்ற எண்ணமே வழியெல்லாம் குழந்தையின் நினைவைவிடப் பெரிதாயிருந்தது என்பதையும் மறைக்கவில்லை. நடைவண்டி கூடத்தில் நின்றது. கைப்பிடியில் சின்னஞ்சிறு பல்தடங்கள். பச்சை பெயர்ந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தது.

நடந்ததைச் சொன்னேன். "தெரியாமல் செய்ததுதானே, பரவாயில்லை ஹஜ்ரத்" என்றார் மாணவர். குழந்தையின் உம்மா ஒன்றும் சொல்லவில்லை. மகனைத் தூக்கி மடியில் வைத்து, அவன் வாயை முந்தானையால் மெல்லத் துடைத்தார். அதைவிட அவர் என்னை ஏசியிருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மருத்துவர் எழுதிய இரத்தப் பரிசோதனையின் செலவையும் ஏற்றேன். முடிவு வரும்வரை நான்கு நாள், ஒவ்வொரு தொழுகையிலும் அக்குழந்தையின் முகம். அஞ்சத்தக்கதாக இல்லை, சில மாதம் கழித்து மறுமுறை பார்க்கலாம் என்றார் மருத்துவர். அல்ஹம்துலில்லாஹ். அந்த மறுமுறை இன்னும் வரவில்லை.

பழையதைப் புதுப்பிப்பதை நான் விட்டுவிடவில்லை. குழந்தைகளின் கைபடும் பொருளாயின் பழம்பூச்சு உள்ளதைத் தொடுவதில்லை. பூச்சற்ற மரம் கிடைத்தால் எண்ணெய் மட்டும் தேய்த்துத் தருகிறேன். மற்றவற்றை நனைத்தே தேய்க்கிறேன், அதுவும் பிள்ளைகள் இல்லாத வேளையில். அடியில் என்ன பூச்சு, எங்கே பட்டி, எந்தக் கால் ஒட்டுப்போட்டது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பொருளின் அடிப்பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். வாங்க வருபவர் சிலர் அதைப் படித்துவிட்டு வாங்காமலே போகிறார்கள்.

அந்த நடைவண்டி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. காயலான் கடைக்குத் திருப்பினால் வேறொரு வீட்டுக்குப் போகும். அடுப்பில் வைக்கலாமே என்றார் என் மனைவி. எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் வரும். சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கொல்லைச் சுவரின் உயரமான ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.