50 ஹெர்ட்ஸ் உறுமல்

கடலூர் சாலையில் இரவிலும் பேருந்தும் லாரியும் ஓய்வதில்லை. அந்தச் சாலையோரம், தவளக்குப்பத்து வீடொன்றில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) எல்.பி.யைக் கேட்க உட்காருகிறவர் வெளிச் சத்தத்தைக் கதவைச் சாத்திக் குறைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கருக்குள்ளிருந்தே கிளம்பும் ‘ம்ம்ம்’ என்ற உறுமலுக்குக் கதவு கிடையாது. இசைத்தட்டின் மெல்லிய மின்குறியைப் பெருக்கித்தரும் வால்வு ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்குகிறவர் முதலில் அஞ்ச வேண்டியது அந்த உறுமலுக்குத்தான்.

முந்தைய தலைமுறையை இந்தத் தொல்லை அவ்வளவாக அண்டவில்லை. கல்யாண வீட்டு மைக் செட்டிலும் பெட்டி பிளேயரிலும் பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக் பிக்கப்தான் இருந்தது. அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினாலே பாடும். இன்றைய மூவிங் மேக்னட் காட்ரிட்ஜ் தருவதோ 5 மில்லிவோல்ட் அளவுதான். மூவிங் காயில் அதில் பத்தில் ஒரு பங்கு, சில நேரம் இன்னும் குறைவு. முன்னதை நூறு மடங்கு பெருக்க வேண்டும்; பின்னதை ஆயிரம் மடங்கு.

பெருக்கம் மட்டுமல்ல. 1954 முதல் பரவலான ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி, தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளை ஏற்றியும் பதிகிறார்கள். ப்ரீஆம்ப் அதை நேர்மாறாகத் திருப்பவேண்டும். இங்கேதான் சங்கடம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இடத்தை இந்தத் திருத்தம் 1,000 ஹெர்ட்ஸைவிட ஏறக்குறைய 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு, கூடுதலாகத் தூக்கிவிடுகிறது. உயர்ந்த பகுதியிலுள்ள ‘உஸ்’ஸை அதே திருத்தம் அடக்கியும் விடுகிறது. ஆகவே பழைய டெலிஃபங்கன், முல்லார்ட் வால்வுகளைத் தேடிப் பெரும்பணம் கொடுக்கும் முன், கருவியின் பவர் சப்ளையைப் பார்ப்பதே அறிவு.

வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டை ஏ.சி.யாகவே கொடுத்தால் உறுமல் உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. அதை டி.சி.யாக்கி, நிலைப்படுத்திக் கொடுக்கும் கருவி நல்லது. டிரான்ஸ்ஃபார்மர் தனிப் பெட்டியில், ப்ரீஆம்பிலிருந்து தள்ளி இருந்தால் இன்னும் நல்லது. டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் கம்பியைப் பின்புறத் திருகில் இறுக்கிவிட்டு, சுவர் பிளக்கின் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்வதும் அவசியம்.

வால்வுகளில் ஈ.சி.சி.83, அதாவது 12ஏ.எக்ஸ்.7, நூறு வரை பெருக்கும் திறன் கொண்டது. ஈ.சி.சி.88-க்கு அது 33 தான். ஆனால் அதன் சொந்த இரைச்சல் குறைவு. எதுவானாலும் மூவிங் காயிலின் ஆயிரம் மடங்கை வால்வின் தலையிலேயே சுமத்துவது சரியல்ல. முன்னால் 1:10 ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வைத்தால் முதல் பத்து மடங்கை அது பார்த்துக்கொள்ளும்.

விளம்பரத் தாளின் எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. ‘ஏ-வெயிட்டட்’ என்று போட்ட இரைச்சல் கணக்கில் 50 ஹெர்ட்ஸ் சுமார் 30 டெசிபல் குறைத்தே எடைபோடப்படுகிறது. ஃபோனோவில் எது அதிகம் தொல்லை தருமோ, அதைத்தான் அந்த எண் மறைக்கிறது. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும்போது வடிகட்டாமல் தங்கும் 100 ஹெர்ட்ஸும் இப்படித்தான் மறைகிறது. மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கும் பகுதிக்கு அருகில் அது போய் உட்காரும். தனி ஆவர்த்தனம் கேட்கிறவருக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை.

வாங்கும் முன் தட்டில்லாமல் கேட்டுப் பார்க்கவேண்டும். ஊசியைத் தூக்கி வைத்து, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை ஏற்றி, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து கேட்கலாம். பிறகு வால்யூமைக் குறைத்துவிட்டு, பென்சிலால் வால்வை மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று எந்த அளவுக்குக் கேட்கிறது என்பது தெரியும். அதிகம் கேட்கும் வால்வு, லாரி போகும்போது தரையில் எழும் அதிர்வையும் பாட்டோடு சேர்த்துத் தரும். உப்புக் காற்று ஊர்களில் வேறொரு வேலையும் உண்டு: ஜாக்குகளும் வால்வின் கால்களும் களிம்பு பிடிக்கும். கரகரப்பு கேட்டால், மின்சாரத்தை நிறுத்தி, வால்வு ஆறியபின் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி செருகிப் பார்த்த பிறகே புதிய வால்வுக்குப் பணம் எடுக்கலாம்.