பாசிக்கு விரித்த பாய்

விருந்தினர் வந்தால் பாய் விரித்து அமரச் செய்வது தமிழர் இல்லங்களின் மரபு. மலாய்க் கம்பங்களிலும் பாய்க்குத் தனிச் சிறப்புண்டு. மெங்குவாங் எனும் தாழையினச் செடியின் ஓலையைக் கீறி, உலர்த்தி, சாயமேற்றிப் பெண்கள் அழகிய பாய்களை முடைவர். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில் 1985இல் கட்டி முடிக்கப்பெற்ற அணையும் மெங்குவாங் என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது. தரையின் ஈரமும் புழுதியும் அமர்பவரைத் தீண்டாமல் காப்பது பாயின் பணி. அதே பணியைக் குளத்தின் அடியிலிருந்து செய்யும் பாயும் உண்டு. பாசியைப் பயிராக வளர்ப்போர் குளத்தில் விரிக்கும் நெகிழி விரிப்பே அது.

குளத்தில் பாசி படர்ந்தால் வழித்தெறிவது உலக வழக்கு. எறிவதைப் பயிரிட்டு விற்பதா என வியப்போர் பலர். சுருள்பாசி எனத் தமிழில் வழங்கும் ஸ்பைருலினா, நுண்ணிய நீலப்பச்சைப் பாசியாகும். அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு புரதம். பழைய மெக்சிகோவில் ஆஸ்டெக் மக்கள் டெக்ஸ்கோகோ ஏரியில் அதனை அள்ளி உண்டனர். ஆப்பிரிக்காவில் சாட் ஏரியை அடுத்து வாழும் கானெம்புப் பெண்கள் அதனை மணற்குழிகளில் ஊற்றி உலர்த்தி, ‘டிஹே’ எனும் அடையாக்கிச் சந்தையில் விற்பர். 1960களின் நடுவில் பெல்ஜியத் தாவரவியலார் ழான் லெயோனார் அவ்வடையைக் கண்டறிந்து எழுதிய பின்னரே அறிவியல் உலகம் அதனை ஊன்றி நோக்கிற்று.

கானெம்புப் பெண்களுக்கு விரிப்புத் தேவைப்படவில்லை. அவர்தம் நிலத்தின் குட்டைகள் இயல்பாகவே உவர்க்காரம் மிக்கவை. சுருள்பாசி விரும்புவதும் காரநீரையே. எல்லா மண்ணும் அத்தகைய மண்ணாகுமா? ஹவாய்த் தீவின் கோனாக் கடற்கரை, எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை நிலம். ஊற்றிய நீர் பாறை இடுக்குகளில் வழிந்து மறையும். அங்கேதான் 1980களில் சயனோடெக் என்னும் நிறுவனம், விரிப்பிட்ட ஆழமற்ற குளங்களில் பாசி வளர்க்கத் தலைப்பட்டது. பாறையைத் திருத்த முயலாது, பாறையின்மேல் பாயை விரித்தது. உழவுக்கு ஒவ்வாத நிலம் உணவு விளையும் நிலமாயிற்று.

தமிழகத்தில் நிகழ்ந்த முயற்சி பினாங்குத் தமிழர்க்கு ஒருவகையில் உறவுடையது. பினாங்கு வீதியில் கிட்டங்கிகள் அமைத்துத் தொழில் நடத்தித் தண்ணீர்மலைக் கோயிலை எழுப்பிய நகரத்தாரை இந்நகரம் நன்கறியும். அதே நகரத்தார் மரபில் வந்த முருகப்பா குடும்பத்தின் கொடுக்கல் வாங்கல் தொழில், 1900இல் பர்மாவின் மோல்மேன் நகரில் தொடங்கி மலாயாவரை பரவிற்று. அக்குடும்பத்துப் பெரியவர் பெயரால் 1977இல் சென்னையில் அமைந்த முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தில், வேதிப்பொறியியல் அறிஞர் சி. வி. சேஷாத்ரி சுருள்பாசியை எளியோர் உணவாக்க முனைந்தார். சிற்றூர்ப் பெண்கள் மண்பானையிலேயே அதனை வளர்க்கும் முறையும் பரப்பப்பட்டது. பின்னாளில் புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில் வணிகப் பண்ணையும் எழுந்தது. மண்பானையில் ஒரு வீட்டுக்கு வேண்டியது விளையும். சந்தைக்கு வேண்டியது விளையப் பரந்த குளம் வேண்டும். பானைக்குச் சுட்ட மண்ணே சுவராகும். குளத்துக்கு அச்சுவரை யார் தருவது? இவ்விடத்தில்தான் விரிப்பின் அருமை புலப்படும்.

பினாங்கில் இத்தொழிலை எண்ணுவோர் முதலில் படிக்க வேண்டிய நூல் மண்ணே. கடலோரக் கண்டல் சேற்றில் இரும்பும் கந்தகமும் கலந்த கனிமம் உறங்கிக் கிடப்பதுண்டு. தோண்டிக் காற்றுப்படச் செய்தால் அது கந்தக அமிலமாக மாறும். சுருள்பாசியோ பி.எச். 9.5 முதல் 10.5 வரையுள்ள காரநீரில் செழிப்பது. புளிக்கும் மண்ணும் கரிக்கும் நீரும் தொட்டுக்கொண்டால் பயிர் அழியும். இடையில் ஒரு மில்லிமீட்டர் அளவே தடித்த பாலிஎத்திலீன் விரிப்பு நின்று இரண்டையும் பிரிக்கிறது. விலைகொடுத்துக் கலந்த சோடாவுப்பு மண்ணில் ஊறிப் போகாமலும், மண் துகள் உணவில் கலவாமலும் அதுவே காக்கிறது. வழவழப்பான அதன்மேல், துடுப்புச் சக்கரம் தள்ளும் நீர் தடையின்றிச் சுழலும். அறுவடைக்குப்பின் கழுவுதலும் எளிது.

பாயை விரிப்பதும் ஒரு கலையே. கல்லும் வேரும் களைந்து தரையை இறுக்க வேண்டும். துண்டுகளை வெப்பத்தால் ஒட்டி, ஓரங்களைக் கரைமேல் வெட்டிய பள்ளத்தில் புதைக்க வேண்டும். வெயிலைத் தாங்கக் கரித்தூள் கலந்த கருநிற விரிப்பே ஏற்றது. உணவுப் பயிராதலின், நச்சுப் பொருள் கசியாத தரமுடையதையே தேர்தல் வேண்டும். நிலத்தடி நீர் மேலெழும் தாழ்நிலத்தில் நீரும் வாயுவும் அடியில் தேங்கி, விரிப்பை ஊதிய பைபோல் உயர்த்திவிடும். வடிகால் இல்லையேல் உழைப்பு வீணாகும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் பினாங்கில், மேலே கூரையில்லாத குளத்தின் காரம் மழைநீரால் கரைந்து குறையும். கீழே பாய் விரித்தவர் மேலே குடையும் பிடிக்க வேண்டும்.

இவ்வளவும் கற்றபின் எழும் வினா ஒன்றுண்டு. விரிப்பு இருந்தால் எந்த மண்ணிலும் பாசி வளரும். அதனால் எந்த மண்ணையும் எடுத்துக்கொள்ளலாமா? விரிப்பின் பெருமையே அதன் ஆபத்தும் ஆகும். மண்ணின் குணத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்னும் துணிவு, மண்ணையே பொருட்படுத்தாத நிலைக்கு இட்டுச் செல்லக்கூடும். மலேசியக் கரைகளில் இறால் குளங்களுக்காகக் கண்டல் காடுகள் பல அழிந்தன. மீன் குறைந்ததைக் கண்ட பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1990களிலிருந்து தம் கைகளாலேயே கண்டல் நாற்றுகளை நட்டு வருகின்றனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, அக்காடுகளின் அருமையை மேலும் பலர்க்கு உணர்த்திற்று. மேலும், விரிப்புக்கும் மூப்புண்டு. வெயிலில் காய்ந்து கிழியும் நாளில் அது எங்கே செல்லும் என்பதை விரிக்கும் நாளிலேயே எண்ணாதவன், பாசியை அறுவடை செய்து குப்பையைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்கிறான்.

ஆதலின் அறிவியல் பயிலும் மாணவர்கள் விரிப்பின் தடிப்பையும் தரத்தையும் கற்பதோடு, அதனை எங்கே விரிப்பது என்னும் கேள்வியையும் சேர்த்தே கற்க வேண்டும். கைவிடப்பட்ட இறால் குளங்களும் உழவுக்கு உதவாத வறுநிலங்களும் இருக்கின்றன. பாசிக்கு அவையே போதும். கண்டல் நிற்கும் கரை எந்த விரிப்புமின்றி நண்டையும் மீனையும் மீனவர் குடும்பங்களையும் வளர்க்கிறது. அதனை அவ்வாறே விட்டுவைப்பது அறமாகும்.