அலாரத்தைக் கழற்றிய மே மாதம்

மே 14, 2024, செவ்வாய். தருமபுரி

நள்ளிரவு தாண்டி இடியோடு கோடை மழை. முதல் இடிக்கே கார் அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது. ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தும் பயனில்லை. பானட்டைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். அப்போதும் ஓயவில்லை. இந்த வகை சைரனுக்குள் தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. திருடன் காரின் பேட்டரியைத் துண்டித்தாலும் அது கத்த வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார்கள். சைரனின் பக்கவாட்டில் ஒரு சாவித்துளை. அந்தச் சாவி அண்ணனின் பழைய கொத்தில் கிடந்தது. அதைத் தேடியெடுத்துத் திருப்பிய பிறகுதான் தெரு அடங்கியது.

எதிர் வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாட்டி வாசலுக்கு வந்து, "தம்பி, இப்பதான் கொழந்த கண்ண மூடுச்சு" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும்.

மே 15, புதன்

2005இல் அண்ணன் வாங்கிய கார். ஓசூருக்கு மாற்றலாகிப் போனபோது என்னிடம் விட்டுப் போனார். அந்தக் காலத்துச் சின்ன கார்களில் அலாரம் பெரும்பாலும் கம்பெனியிலிருந்தே வராது. ஆக்சசரீஸ் கடையில் சென்ட்ரல் லாக்கோடு சேர்த்து மாட்டுவார்கள். அதனால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று காரின் கையேட்டில் தேடிப் பயனில்லை. மாட்டியவரின் கைவழக்கம்தான் அதற்கு வரைபடம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வாட்ச் கடையில் ரிமோட்டுக்குப் புது பேட்டரி வாங்கினேன். விரல் நுனி அளவுதான், 12 வோல்ட். ரிமோட் உயிர் பெற்றது. ஆனால் ரிமோட் வேலை செய்வது கத்தலை நிறுத்தத்தான் உதவும், கத்துவதற்கான காரணம் வேறெங்கோ இருக்கிறது. கார் பேட்டரியை மல்ட்டிமீட்டரில் பார்த்தால் 12.1 வோல்ட். முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும். மின்னழுத்தம் இறங்கினாலும் பழைய அலாரங்கள் தாமாகக் கத்தும். சார்ஜ் ஏறட்டும் என்று மாலையில் பாலக்கோடு வரை ஓட்டிப் போய் வந்தேன்.

மே 16, வியாழன்

ஷாக் சென்சாரில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைத் திருப்பி உணர்திறனைக் குறைத்தேன். மாங்காய் லாரிகள் கடந்து போனபோது சத்தமில்லை. ஆனால் ஒரு வண்டியும் போகாத மூன்றரை மணிக்கு மறுபடி கத்தியது. அதிர்வு காரணமில்லை என்பது உறுதி.

காலையில் அண்ணனுக்கு போன் செய்தேன். "ஸ்டியரிங்குக்குக் கீழ, இடது பக்கம் கையை விட்டுப் பாரு, ஒரு பொத்தான் இருக்கும்" என்றார். வேலட் சுவிட்ச். சாவியை ஆன் நிலையில் வைத்து அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் அலாரம் உறங்கிவிடும், கதவுப் பூட்டு மட்டும் இயங்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பொத்தான் எங்கே இருக்கிறதென்று இன்றைக்கே தேடி வைத்துக்கொள்ளலாம். நடுராத்திரி ஸ்பேனரோடு நிற்க வேண்டியிருக்காது. ஞாயிறு வரை இது போதும்.

மே 17, வெள்ளி

அலுவலக நண்பரின் அம்மாவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். இரவு ஒன்பதரை. வெளியே மரத்தடியில் நோயாளிகளுடன் வந்தவர்கள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். பென்னாகரம், அரூர் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள், பகலெல்லாம் வார்டுக்கும் மருந்துக்கடைக்கும் நடந்து களைத்தவர்கள். வண்டி நிறுத்துமிடத்தில் யாருடைய காரோ கத்த ஆரம்பித்தது. நின்றது, மறுபடி கத்தியது. ஒருவர்கூட எழுந்து போய்ப் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

வீடு திரும்பும்வரை அந்தத் துண்டு கண்ணை விட்டுப் போகவில்லை. யாரோ கேட்டு ஓடி வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் அலாரம் மாட்டுகிறோம். பொய்யாகவே கத்திக் கத்தி அந்த ஓட்டத்தை நாமே நிறுத்திவிட்டோம். நாளை உண்மையாகவே ஒருவன் கண்ணாடியை உடைத்தாலும் தெரு புரண்டு படுக்கும். பழுதான அலாரத்தை அப்படியே விட்டு வைப்பது தன் காரை மட்டும் சார்ந்த விஷயமில்லை, அக்கம்பக்கத்துக் கார்களின் காவலையும் சேர்த்துக் கெடுக்கிறது. தூக்கம் போவது தனி.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்கின்றன. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி மண்டலம் அறிவிக்கப்பட்ட இடத்தில் 40. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. கார் சைரனோ அருகில் நூறு டெசிபலைத் தாண்டும். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கிறது.

மே 19, ஞாயிறு

நேதாஜி பைபாஸ் சாலைப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. வயது முப்பதுகூட இருக்காது, ஆனால் கையில் நிதானம். "வெட்டிப் போட்டுடலாமா தம்பி?" என்று கேட்டேன். "வெட்டறது ரெண்டு நிமிஷம்ணா. அப்புறம் வண்டி ஸ்டார்ட்டே ஆவாது" என்றார்.

இதைத்தான் விவரமாக எழுதி வைக்க நினைத்தேன். திருடன் ஓட்டிப் போகாமல் இருக்க, இந்த அலாரங்களை மாட்டும்போது இக்னிஷன் ஒயரையோ ஸ்டார்ட்டர் ஒயரையோ நடுவில் அறுத்து, ஒரு ரிலே வழியாகத் திருப்பி விடுவார்கள். அலாரத்தைப் பிடுங்கினால் அந்த அறுந்த முனைகள் அந்தரத்தில் நிற்கும். என் காரில் அறுத்திருந்தது இக்னிஷன் ஒயர்.

முதலில் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினார். டேஷ்போர்டின் கீழ்த்தகட்டை எடுத்தார். கிளட்ச் பெடலுக்கு மேலே, டேக் போட்டுக் கட்டிய கறுப்புப் பெட்டி. சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப் வெயிலில் உருகிப் பசையாகியிருந்தது. கத்தலின் காரணமும் கிடைத்தது: பானட் ஓரத்துப் பின் சுவிட்ச். துருவேறி, பானட் மூடியிருக்கும்போதே திறந்துவிட்டதாகப் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. சுவிட்சை மட்டும் மாற்றலாம், செலவு சொற்பம். ஆனால் ரிலேயின் கால் கருகியிருந்ததைக் காட்டினார். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை, முழுவதையும் கழற்றச் சொன்னேன்.

அறுந்த முனைகளை முறுக்கி டேப் சுற்றி விடவில்லை. ஈயத்தால் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடாக்கி இறுக்கினார். கதவுப் பூட்டு இதே பெட்டியில் இணைந்திருந்ததால் அதற்குச் சின்னதாகத் தனி ரிமோட் யூனிட் வைத்தார். ஃபியூஸோடு பேட்டரிக்குப் போன ஒயரையும் முனை வரை உருவியெடுத்தார். பாதியில் விட்ட ஒயர் ஒருநாள் பாடியில் உரசித் தீப்பிடிக்கும் என்றார். மதியச் சாப்பாட்டுக்கும் போகாமல் செய்த வேலை.

மே 20, திங்கள்

இன்சூரன்ஸ் தாளைப் பார்த்தேன். அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவி இருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் இரண்டரை சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி உண்டு. அதைப் பெற்றவர்கள் அலாரத்தைக் கழற்றினால் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். எனக்கிருப்பது மூன்றாம் நபர் பாலிசி, அந்தச் சிக்கல் இல்லை. காவலுக்குக் கியர் லாக் வாங்கி மாட்டினேன்.

மே 23, வியாழன்

சேலத்துக்கு ஒரு வேலை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எப்போதும் போல இரண்டாவது கியர். இந்த ஜனவரியிலும் இங்கே வண்டிகள் மோதி உயிர்கள் போயின. அந்த இறக்கத்தில் இக்னிஷன் இணைப்பு விட்டு என்ஜின் நின்றால், பிரேக்குக்குத் துணையாக இருக்கும் வேக்குவம் ஓரிரு மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். முறுக்கி டேப் சுற்றிய ஒயரை நம்பி இங்கே இறங்கியிருக்க மாட்டேன். அந்தத் தம்பி ஈயம் வைத்த இடத்தை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

காலையில் பேட்டரி 12.5 காட்டியது. வண்டியின் ஆர்.சி. புத்தக உறைக்குள் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன்: அலாரம் கழற்றிய தேதி, இக்னிஷன் ஒயரை இணைத்த இடம், புதுப் பூட்டு யூனிட்டின் ஃபியூஸ் எங்கே என்பது. அடுத்து இந்தக் காரைப் பிரிப்பவருக்கு ஆகும். பழைய சைரனை இரும்புக் கடையில் போடுவதற்கு முன் உள்ளிருக்கும் பேட்டரியைத் தனியே எடுக்க வேண்டும். சனிக்கிழமை.